ஞானசேகரத்தின் பந்தில் நாலாவது ஓட்டை

செய்தி வந்தபோது நான் லேத் மெஷினில் ஒரு புஷ் கடைந்துகொண்டிருந்தேன். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் காலை வேளையில் தொலைபேசி அடித்தால் காதில் விழாது. நிமால் பலமுறை அடித்திருக்கிறார். பௌலிங் கூடத்தில் மெஷின்களைப் பார்த்துக்கொள்பவர் நிமால். ஐம்பதைத் தாண்டியவர், என் பழக்கமெல்லாம் அறிந்தவர்.

"அங்கிள், முதல்ல அந்த மெஷின ஓஃப் பண்ணுங்க" என்றார்.

ஓஃப் பண்ணினேன்.

"ஞானம் அங்கிள் நெத்தி உனா." சிங்களத்தில் சொல்லிவிட்டு, எனக்கு விளங்காமல் போய்விடுமோ என்று பயந்தவர்போல் தமிழிலும் சொன்னார். "காலையில போயிட்டார். நித்திரையிலயே."

நான் கேட்ட முதற் கேள்வி, "பந்து எங்க இருக்கு?"

இதை எழுதலாமா என்று யோசித்தேன். ஞானசேகரத்தை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். அறியாத உறவினர்கள் என்னைக் கல்நெஞ்சன் என்று நினைப்பார்கள். அவர்களுக்காகத்தான் கதையை முதலிலிருந்து சொல்கிறேன். முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அவருடைய மகள் தாரணி கேட்டாள். "ஒரு பக்கம்தான், அங்கிள். கமிட்டிச் சண்டையெல்லாம் வேண்டாம்" என்றும் சொன்னாள். ஒரு பக்கத்தில் எனக்கு எழுத வராது. பௌலிங் லீக் கமிட்டி இல்லாமல் இந்தக் கதையும் வராது. வெட்டுவதென்றால் கவிதைகளை வெட்டட்டும்.

பௌலிங் என்றதும் நம்மவர்கள் கிரிக்கெட் என்று நினைக்கிறார்கள். நான் சொல்வது கனமான பந்தொன்றை மரப்பாதையில் உருட்டி, தூரத்தில் நிற்கும் பத்துப் பின்களை விழுத்தும் விளையாட்டு. பந்தில் மூன்று ஓட்டைகள் இருக்கும். இரண்டு விரலுக்கு, ஒன்று பெருவிரலுக்கு. ஞானசேகரத்தின் பந்தில் நாலாவதாக ஒன்று இருந்தது. விரல் எதுவும் வைக்காத ஓட்டை. போட்டவன் நான். அது சரியான இடத்தில் போடப்பட்டதா, பிழையான இடத்தில் போடப்பட்டதா என்பதுதான் எங்கள் இருவருக்கும் இடையில் கடைசிவரை தீராமல் கிடந்த வழக்கு.

அவர் வெள்ளவத்தை. நான் கொட்டாஞ்சேனை. அவர் கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வெள்ளைச் சட்டையின் கையை மடிக்காமல் விளையாடுவார். நான் முதன்முதல் கூடத்துக்குப் போனது விளையாட அல்ல. பந்தைத் திருப்பி அனுப்பும் மெஷினில் ஒரு உருளை தேய்ந்துபோய், புதிதாகக் கடைந்து பொருத்தப் போயிருந்தேன். இடது கைப் பெருவிரலில் பிளாஸ்டருடன் ஒருவர் என் தலைக்கு மேல் நின்றார்.

"ஐசே, உந்த மெஷின் பந்தைத் தின்னுதோ?"

"மெஷின் தின்னல்ல. பந்துதான் உங்கட வெரலத் தின்னுது" என்றேன். கூடத்துப் பொதுப்பந்துகள் வலக்கைக்காரருக்கென்றே துளைக்கப்பட்டவை. இடக்கைக்காரரான அவருக்கு எதுவும் பொருந்தவில்லை. அன்று பின்னேரமே பெருவிரல் ஓட்டையை அரத்தால் சரித்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் பிளாஸ்டர் இல்லாமல் வந்து நின்றார். "நீரும் உருட்டும். சும்மா குனிஞ்சு குனிஞ்சு மெஷினைப் பாத்து என்ன பிரயோசனம்?" என்றார். அப்படித்தான் நான் விளையாடத் தொடங்கினேன்.

அவருடைய தம்பி கனடாவிலிருந்து வந்தபோது ஒரு பந்து கொண்டுவந்தார். பதினான்கு இறாத்தல், கருநீலம், ஓட்டையே போடாதது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "மே மொகக்த?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார். பந்து என்று சொன்னால் நம்பும்படியாக அது இல்லை. பிடிக்க இடமில்லை, துள்ளாது, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. அதைக் கொண்டுவந்ததோ ஒரு யாழ்ப்பாணத்து மனிதர். தம்பிக்கு வியர்த்துவிட்டது. வரவேற்கப் போயிருந்த ஞானம் கண்ணாடிக்கு வெளியே நின்று, பந்து உருட்டுவதுபோல் கையை வீசி வீசிக் காட்டியிருக்கிறார். அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாராம். இந்தக் கதையை ஞானம் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று உருட்டிக் காட்டுவார். வெள்ளவத்தையில் அவருடைய வீட்டு ஷோகேசில் ஒரு கண்ணாடி உடைந்தது அப்படித்தான். அவருடைய மனைவி புவனேஸ்வரி அக்காவைக் கேட்டுப்பாருங்கள்.

அந்தப் பந்தைத் துளைக்க அவர் என்னிடம் தந்தார். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை; கையில் இருந்தது வலக்கைக்காரருக்கென்று வரைந்த ஒரு துளைப் படம் மட்டும். அப்போது கொழும்பில் சொல்லித்தர ஆளும் இருந்ததாக நான் அறியேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் கூடத்தில் விட்டுப்போன வெடித்த பந்தொன்றை நிமாலிடம் கேட்டு வாங்கி, முகத்துவாரத்தில் மரம் அரியும் ஒரு மரக்காலையில் கொடுத்து இரண்டாகப் பிளந்தேன். வாள் சூடாகிப் புகைந்தது. மரக்காலைக்காரர் என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. உள்ளே பார்த்தால் கோதுக்கும் நடுவுக்கும் நிறம் வேறு. நடுவில் தலைகீழாக வைத்த மின்குமிழ் மாதிரி ஒரு கனமான கட்டி. ஞானமும் கூட வந்திருந்தார். ஒரு பாதியைத் தோடம்பழப் பாதிபோல் இடது கையில் ஏந்திக்கொண்டு, "அந்தோனி, இதுக்கை இவ்வளவு சங்கதி இருக்கெண்டு எனக்குத் தெரியாது" என்றார். அந்தப் பாதி இன்னும் என் பட்டறையில் ஆணி போடும் கிண்ணமாக இருக்கிறது.

விசயம் இதுதான். பந்து வெறும் உருண்டையல்ல. உள்ளே இருக்கும் கட்டி ஒரு பக்கம் சாய்ந்திருப்பதால், உருளும்போது அதன் சுழலச்சு மெல்ல மெல்ல இடம் மாறும். பாதையில் எண்ணெய் பூசியிருப்பார்கள். அச்சு மாற மாற, பந்தின் புதிய புதிய இடம் தரையில் படும். உருட்டி எடுத்த பந்தைப் பார்த்தால் எண்ணெய்க் கோடுகள் விசிறிபோல் விரிந்திருக்கும். விசிறி அகலமாக இருந்தால், ஈரமில்லாத தோல் தரையைப் பிடித்து, பந்து கடைசியில் நன்றாகத் திரும்பும். ஒடுங்கியிருந்தால் கிட்டத்தட்ட நேராகப் போகும். நாலாவது ஓட்டை இந்த விசிறியோடு விளையாடுவது. கைப்பிடியிலிருந்து விலகி, சுழலச்சுப் பக்கமாகப் போட்டால் விரியும். கைப்பிடிக்கு நெருக்கமாக, பந்து உருளும் பக்கமாகப் போட்டால் ஒடுங்கும். பெரிய ஓட்டை கூடுதலாகச் செய்யும், சின்னது குறைவாகச் செய்யும். இவ்வளவுதான். இதை விளங்கிக்கொள்ள நான் பட்ட பாட்டை எழுத இந்த மலர் போதாது.

பந்தை விடும் நேரத்தில் ஞானத்தின் மணிக்கட்டு அதைச் சுற்றி வளைந்து போகும். அதனால் பந்து பம்பரம்போல் சுழன்று, ஒருநாள் ஆளையே ஏமாற்றுகிறமாதிரித் திரும்பும், ஒருநாள் திரும்பாது. அதை அடக்கவேண்டும் என்று எண்ணி ஓட்டையைப் போட்டேன். முதல் உருட்டு. பந்து கையை விட்டுப் போனதும் "டக், டக், டக், டக்" என்று பாதை முழுவதும் சத்தம். ஓட்டை நேராக உருளும் தடத்தில் இருந்தது. சுற்றுக்கு ஒருமுறை தரையில் தட்டியது. பக்கத்துப் பாதைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பந்து அளவாகத் திரும்பி, முன்னால் நிற்கும் முதற் பின்னின் தோளில் மோதி, பத்தையும் விழுத்தியது.

ஞானம் பின்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஐசே, நீர் வலக்கைக்காரன்ர படத்தைப் பாத்து ஓட்டை போட்டிட்டீர்."

"இல்ல."

"படத்தைக் கண்ணாடியில பாக்கிறமாதிரித் திருப்பவேணும். மற்ற மூண்டையும் திருப்பினீர். நாலாவதை மறந்திட்டீர்."

"மறக்கல்ல ஞானம். தெரிஞ்சுதான் போட்டேன். உங்கட பந்து துள்ளுது, அத அடக்கத்தான் அந்தப் பக்கம் போட்டேன். பத்தும் விழுந்திச்சா இல்லயா?"

"பத்தும் விழுந்தது. ஆனா குதிரை வண்டி போறமாதிரிச் சத்தம் கேக்குது."

"உங்கட கைய நேராப் பிடிங்க, சத்தம் வராது."

"என்ர கை பிறந்ததிலயிருந்து இப்பிடித்தான். ஓட்டைதான் புதுசு."

அன்று தொடங்கியது. நான் அப்போது சொன்னதையே இப்போதும் சொல்கிறேன்: தெரிந்துதான் போட்டேன். இதை வாசிப்பவர்களில் சிலர் தலையை ஆட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆட்டட்டும்.

அவருக்குச் சில வாக்குகள் இருந்தன. யாராவது பாதையில் நின்று நியாயம் பேசினால், "முதல் உருட்டும், பிறகு கதையும்" என்பார். நான் எந்த ஓட்டை என்ன செய்யும் என்று விளக்கத் தொடங்கினால், "ஓட்டை கொஞ்சம், எண்ணெய் கொஞ்சம், மிச்சமெல்லாம் கை" என்று முடித்துவிடுவார். ஒருமுறை, ஓட்டையின் வாயில் டேப் ஒட்டி உருட்டிப் பார்ப்போம் என்றார். ஒட்டினோம். டேப் பாதையில் கழன்று பின்களுக்குப் பின்னால் போய், மெஷின் நின்றுவிட்டது. நிமால் மெஷினுக்குள் புகுந்து கரிக் கையுடன் வெளியே வந்து, "ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க. போய் கேரம் விளையாடுங்க" என்றார். ஞானம் வெகு நேரம் சிரித்தார். பிறகு நிமாலுக்கு அவரே பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார்.

கூடத்தில் மற்றவர்களுடைய பந்துகளைத் துளைக்கும் வேலையும் எனக்குக் கிடைத்தது. சத்தத்துக்கு எல்லாரும் பழகிவிட்டார்கள். கூடத்துக்குள் நுழையும்போது டக் டக் கேட்டால், ஞானம் வந்துவிட்டார் என்று தெரியும். லீக் போட்டிகளில் அந்தப் பந்தை வைத்து அவர் எத்தனையோ முறை வென்றார். வென்ற ஒவ்வொரு முறையும், "பிழையான ஓட்டையோடயே வெண்டிட்டன் பாரும்" என்று என் காதுக்குள் சொல்வார். நான் தோற்றாலும் வென்றாலும் அந்த வசனம் எனக்கு நிச்சயம்.

பிறகு விதி மாறியது. வெளிநாட்டில் பெரியவர்கள் கூடி, உருட்டும்போது விரல் வைக்காத ஓட்டை பந்தில் இருக்கக்கூடாது என்று முடிவுசெய்தார்கள். எங்கள் கமிட்டியும் அப்படியே ஏற்றுக்கொண்டது. நான் துளைத்த பந்துகளில் பாதிக்குமேல் நாலாவது ஓட்டை உள்ளவை. ஒவ்வொன்றும் அந்தந்த மனிதரின் கையைப் பார்த்துப் போட்டது. எல்லாவற்றையும் பிசின் ஊற்றி அடைக்கவேண்டும் என்று கூட்டத்தில் அறிவித்தார்கள். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. விதியை எழுந்து நின்று வாசித்தவர், அந்த வருடம் நடுவராக இருந்த ஞானசேகரம்.

நான் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். லீக்கிலிருந்து விலகினேன். இன்றுவரை திரும்பவில்லை. அவர் அடித்த அழைப்புகளையும் எடுக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் பட்டறை வாசலில் ஞானம் வந்து நின்றார். வெள்ளவத்தையிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். கையில் ஒரு சாறிக்கடையின் சொப்பிங் பை. அதன் பிடி அறுந்து, பந்தைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் வியர்வை.

"பஸ்ஸிலை ஒரு மனிசி கேட்டா, பூசணிக்காயோ எண்டு" என்றார். "ஓம் எண்டனான்."

நான் கதிரை போடவில்லை. அவரே ஒரு வாங்கை இழுத்துப்போட்டு அமர்ந்தார்.

"ஓட்டையை அடைச்சுத் தாரும்."

"நான் போட்ட ஓட்டைய நான் அடைக்க மாட்டேன்."

"அப்ப வேற ஆளிட்டைக் குடுக்கவோ?"

"குடுங்க. நீங்கதானே விதி வாசிச்ச ஆள்."

"விதி விதிதானே ஐசே. நான் வாசிக்காட்டில் மற்றவன் வாசிப்பான். உச்சரிப்பாவது சரியா இருக்கட்டும் எண்டு வாசிச்சனான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. அவர் பந்தை மேசைமேல் வைத்து, நாலாவது ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுச் சுழற்றினார்.

"அந்தோனி, உருட்டின பந்து தானா திரும்பி வருது. மனிசன்தான் கோவிச்சுக்கொண்டு போனா வாறானில்லை" என்றார். பிறகு, "சரி, இதை அடைக்க வேண்டாம். லீக்கில நான் பொதுப்பந்திலை விளையாடுறன். வியாழக்கிழமை காலமை கூடத்தில ஒருத்தரும் இல்லை. நீரும் நானும் இந்தப் பந்தும். அங்கை விதி கிடையாது" என்றார்.

அப்படித்தான் வியாழக்கிழமைகள் வந்தன. லீக்கில் பொதுப்பந்தைக் கொண்டு விளையாடி அவருடைய பெருவிரல் மறுபடியும் வெடித்தது. பட்டியலில் கீழே இறங்கிப்போனார். அந்தப் பந்தை அடைக்கக் கொடுத்திருந்தால் மேலேயே இருந்திருக்கலாம். அவர் கொடுக்கவில்லை. வியாழன் காலைகளில் நாங்கள் இருவரும் உருட்டினோம், சண்டை பிடித்தோம், நிமால் பாதைக்குப் புதிதாக எண்ணெய் பூசுவதைப் பார்த்துக்கொண்டு பிளேன்டீ குடித்தோம். என் வாழ்க்கையில் நான் குறைசொல்ல முடியாத நேரங்கள் அவை. குறைசொல்வதில் நான் சோம்பேறி அல்ல என்பது உங்களுக்குத் தெரியும்.

மலர்ச்சாலையில், பெட்டிக்குள், அவருடைய முகம் நன்றாகத்தான் இருந்தது. கமிட்டிச் செயலாளரும் வந்திருந்தார். நான் விலகி நின்றேன். அவராகவே பக்கத்தில் வந்தார்.

"மிஸ்டர் அந்தோனி, ஒரு விசயம் சொல்லவேணும். அந்த டக் டக் ஓட்டை வந்த நேரம், உங்களுக்குக் கூடத்துப் பந்து வேலையைக் குடுக்கிறதா இல்லையா எண்டு நாங்கள் யோசிச்சனாங்கள். இடக்கை வலக்கை தெரியாத ஆள் எண்டு சிலபேர் சொன்னவை. ஞானம்தான் எழும்பி, 'அது நான் கேட்டுப் போடுவிச்சது. சத்தம் வந்தா எனக்கு வேகம் விளங்கும்' எண்டு சொன்னவர். அதாலதான் உங்களுக்கு அந்த வேலை கிடைச்சது."

நன்றி சொல்லவேண்டிய இடம் அது. எனக்குக் கோபம் வந்தது. அவர் கேட்கவில்லை. நான் என் யோசனையில் போட்டேன். எனக்காகப் பொய் சொல்லப்போய், ஓட்டை பிழையென்று ஊருக்கே ஒப்புக்கொண்டுவிட்டார்! சரியான ஓட்டைக்குப் பொய் எதற்கு? அதுவும் எனக்குச் சொல்லாமல், இத்தனை வருடமும் என் முகத்துக்கு நேரே வழக்காடிக்கொண்டு. பெட்டிக்குப் பக்கத்தில் போய், "ஏன் ஞானம் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். புவனேஸ்வரி அக்கா, நான் அழுகிறேன் என்று நினைத்து என் கையைப் பிடித்தார். அதுவும் பிழையில்லை.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடிந்தபின் அக்கா பந்தைத் தந்தார். "அந்தோனி அண்ணை, இது உங்களிட்டைத்தான் வரவேணுமெண்டு சொன்னவர். அடைக்க வேண்டாமாம்" என்றார். நான் மறுபடி கேட்காமலேயே என் முதற் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

அடுத்த வியாழக்கிழமை காலை கூடத்துக்குப் போனேன். நிமால் எங்கள் பாதைக்கு விளக்கைப் போட்டார். நான் வலக்கைக்காரன். பந்து இடக்கைக்குத் துளைத்தது. ஆனாலும் இடக்கை விரல்களை விட்டுப் பார்த்தேன். பெருவிரல் ஓட்டை எனக்குக் கொஞ்சம் பெரிது. அவருடைய விரலுக்கு நான் அரத்தால் சரித்த சரிவு அப்படியே இருந்தது. மெதுவாக நடந்து போய் உருட்டினேன்.

சத்தம் வரவில்லை.

பந்து ஒரு முணுமுணுப்போடு நேராகப் போய், கடைசியில் களைத்து, பாதையோரக் கானுக்குள் விழுந்தது. நிமால் மெஷினுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். "என்ன அங்கிள், சத்தம் இல்ல?" பந்து திரும்பி வந்ததும் தூக்கிப் பார்த்தேன். எண்ணெய்க் கோடு ஓட்டையை விட்டு நன்றாக விலகி, கைப்பிடிக்குக் கிட்ட ஓடியிருந்தது. மறுபடியும் உருட்டினேன். மறுபடியும் அமைதி. என் கை சுற்றி வளையாத கை. அந்தக் கைக்கு ஓட்டை தரையைத் தொடவே இல்லை.

அங்கேயே நின்று, "பாத்தீங்களா ஞானம்!" என்று கத்தினேன். நான் முதல் நாளே சொன்னது இதுதான். சத்தம் ஓட்டையுடையதல்ல, கையுடையது. இத்தனை வருட வழக்கில் எனக்குத் தீர்ப்புக் கிடைத்துவிட்டது. நிமாலைக் கூப்பிட்டுக் கோட்டைக் காட்டினேன். அவரும் ஒப்புக்கொண்டார்.

பிறகு பிளேன்டீயைக் குடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது தெளிவாகக் கேட்டது. வெள்ளைச் சட்டையில் எண்ணெய் படாமல் பந்தை ஏந்திக்கொண்டு, புருவத்தைத் தூக்கிக் கேட்டிருப்பார்: "அது சரி ஐசே, ஓட்டை போட்டது உம்மட கைக்கோ, என்ர கைக்கோ?"

அந்தப் பந்து இப்போது என் பட்டறையில், லேத்துக்குப் பக்கத்தில், பிளந்த பாதிப் பந்துக்கு மேலே இருக்கிறது. ஓட்டையை அடைக்கவில்லை, அடைக்கப்போவதுமில்லை. வியாழக்கிழமைகளில் எடுத்துப்போய் உருட்டுகிறேன். நான் தெரிந்துதான் போட்டேன். ஆனால் அவருடைய அந்தக் கேள்விக்கு மட்டும் இன்னும் ஒரு சரியான பதில் பிடிபடவில்லை. அதைத்தான் நான் வைத்திருக்கிறேன். அவசரமில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.